குதிகால் நரம்பு ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம்: எது வழக்கம், எது ஆபத்து

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்களுக்கு 43 வயது. ஷட்டில் ஆடும்போது இடது குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல ‘டப்’பென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரும் இல்லை. குதிகால் நரம்பு முழுசாக அறுந்திருக்கிறது என்று ஆபரேஷன் செய்தார்கள். இப்போது ஏழாவது வாரம். தையல் தழும்பின் கீழ்முனையில் மிளகு அளவுக்கு ஒரு புண் ஆறாமல் கசிகிறது. பாதத்தின் வெளி ஓரமும் சுண்டுவிரலும் மரத்துக் கிடக்கின்றன. மாலையானால் கணுக்கால் வீங்குகிறது, கெண்டைக்கால் பாதியாக இளைத்துவிட்டது. நல்லெண்ணெயைச் சுடவைத்து நீவிவிடலாம் என்கிறார் மைத்துனர். கணுக்கால் அசையாமல் பிடித்துவைக்க மாட்டிவிட்ட பூட்டை (boot) அடுத்த வாரம் கழற்றலாம் என்கிறார் டாக்டர். இதில் எதெல்லாம் சிக்கல், மறுபடி அறுந்துவிடுமா, பைக் எப்போது, ஷட்டில் எப்போது?

நான் பிசியோதெரபிஸ்ட். கத்தி பிடிப்பவன் இல்லை. கத்தி பிடித்தவர் தைத்து அனுப்பிய காலை அதற்கப்புறம் ஒரு வருடம் பார்த்துக்கொள்பவன். உங்கள் டாக்டர் சொன்னதற்கும் நான் சொல்வதற்கும் எங்காவது இடித்தால் அவர் சொன்னதையே கேளுங்கள். உள்ளே எப்படிக் கிழிந்திருந்தது, எவ்வளவு இழுத்துத் தைக்க வேண்டியிருந்தது என்று கண்ணால் பார்த்தவர் அவர்தான்.

ஒரு வார்த்தைக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நம் ஊரில் எல்லாமே நரம்புதான். ஊசி போடும் ரத்தக்குழாயும் நரம்பு, மரத்துப்போனால் அதுவும் நரம்பு, இழுத்துப் பிடித்தால் அதுவும் நரம்பு. உங்களுக்கு அறுந்தது தசைநாண், அதாவது கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டிவைத்திருக்கும் கயிறு. அக்கிலிஸ் தசைநாண் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்கள். உடம்பிலேயே தடித்த, வலுவான கயிறு அதுதான். சுண்டுவிரல் ஓரம் மரத்திருப்பதற்குக் காரணம் உண்மையான நரம்பு, தொடுவுணர்ச்சியைக் கொண்டுபோவது. இரண்டும் வேறு. ‘நரம்பு இன்னும் சேரவில்லை போல, அதனால்தான் மரத்திருக்கிறது’ என்று நீங்கள் பயந்திருப்பது இந்தக் குழப்பத்தால்தான். அந்த மரப்புக்கும் தையல் சேர்வதற்கும் சம்பந்தமே இல்லை.

நீங்கள் கேட்டதில் அவசரமானது வீக்கம், அதனால் அதிலிருந்து வருகிறேன். மாலையில் வீங்கிக் காலையில் வடியும் வீக்கம் எல்லோருக்கும் வரும், நாலைந்து மாதம்கூட வரும். கெண்டைக்கால் சதை ஒரு பம்பு மாதிரி. சுருங்கி விரியும்போதுதான் காலிலிருந்து ரத்தம் மேலே ஏறுகிறது. ஏழு வாரமாக அந்தப் பம்பு ஓடவில்லை, அதனால் நீர் கீழே தங்குகிறது. இரவில் இரண்டு தலையணை வைத்துக் காலை இடுப்புக்கு மேலே உயர்த்திப் படுத்தால் விடியும்போது கணுக்கால் எலும்பு தெரிய வேண்டும். தெரிந்தால் கவலை வேண்டாம்.

விடிந்தும் வடியாத வீக்கம் வேறு கதை. கெண்டைக்கால் மரக்கட்டை போல விறைத்து, சூடாக, அமுக்கினால் ஆழத்தில் வலித்தால் காலின் உள் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு இது அபூர்வம் இல்லை. காலை அசைக்காமல் பூட்டிவைப்பதே அதற்கு வழி செய்கிறது. அன்றைக்கே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், நாளை மறுநாள் என்று தள்ளக் கூடாது. உறைந்த கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் திடீரென்று மூச்சு வாங்கும், மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்தும், இருமினால் ரத்தம் வரலாம். அப்போது டாப்ளர், பிசியோ எதையும் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மைத்துனரின் எண்ணெயை நான் தடுப்பது இதனால்தான். எண்ணெய் மேல் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் உள்ளே ரத்தக்கட்டு இருக்கிறதா என்று தெரியாத கெண்டைக்காலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் அழுத்தி நீவினால், ஒட்டியிருப்பதைக் கையாலேயே கிளப்பிவிடுகிற ஆபத்து இருக்கிறது. இன்னொன்று, நீவுகிறவர் கடைசியில் பாதத்தைப் பிடித்து முழங்கால் பக்கமாக ஒரு இழுப்பு இழுத்து ‘சொடக்கு’ எடுப்பார். அந்த ஒரு இழுப்புக்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். எண்ணெய் வைத்தே ஆக வேண்டும் என்றால், புண் முழுசாக மூடி இரண்டு வாரம் ஆனபிறகு, தழும்பின் மேல் மட்டும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்து, விரல் நுனியால் தோலைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்துங்கள். தழும்பு அடியிலிருக்கும் தசைநாணோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது உதவும்.

இனி அந்த மிளகுப் புண். குதிகாலுக்குப் பின்னால் விரலால் கிள்ளிப் பாருங்கள். தோல், அதற்கடியில் நேராகக் கயிறு. நடுவே மெத்தை மாதிரி சதை கிடையாது, ரத்த ஓட்டமும் சுமார். அதனால் உடம்பில் வேறு இடத்தில் பத்து நாளில் ஆறுகிற தையல் இங்கே முரண்டு பிடிக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், சிகரெட், பீடி பிடிப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இவர்களுக்குத்தான் அதிகம். நீங்கள் புகை பற்றி ஒன்றும் எழுதவில்லை. பழக்கம் இருந்தால் இந்தப் புண் மூடும்வரையாவது நிறுத்துங்கள், நிகோடின் அந்தச் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது.

கசிவு தண்ணீர் போலவோ லேசான மஞ்சளாகவோ இருந்து, நாற்றம் இல்லாமல், சுற்றிலும் சிவப்புப் பரவாமல், வாராவாரம் சிறிதாகிக்கொண்டே வந்தால் அது மேல்தோலின் பிரச்சினை. சுத்தமான டிரெஸ்ஸிங்கில் ஆறிவிடும். பூட்டின் பின்விளிம்பு அந்த இடத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். நம் வெயிலில் பூட்டுக்குள் சாக்ஸ் அரை மணியில் நனைந்துவிடும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டும். சில பேருக்கு உள்ளே போட்ட கரையாத நூலின் முடிச்சு தோலுக்கு அடியில் முட்டிக்கொண்டு நிற்கும், மாதங்கள் கழித்துக்கூட ஒரு கொப்புளம் வந்து உடைந்து நீலமாகவோ வெள்ளையாகவோ நூல் தலைகாட்டும். பிடித்து இழுக்காதீர்கள். டாக்டர் சின்னதாகத் திறந்து எடுத்துவிடுவார்.

சீழ், நாற்றம், காய்ச்சல், பரவும் சிவப்பு, அல்லது புண்ணுக்குள் பார்த்தால் வெள்ளையாகப் பளபளவென்று நார் தெரிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விஷயம் ஆழமானது. அது மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்ச் சுத்தம் செய்ய வேண்டியதாக இருக்கலாம், முற்றிப்போனால் வேறிடத்திலிருந்து தோலும் சதையும் எடுத்து மூட வேண்டியும் வரலாம். உங்களுக்கு மூடிய காயம், அந்த வகையில் அதிர்ஷ்டம். இந்தியன் டாய்லெட்டில் வழுக்கி, உடைந்த பீங்கான் விளிம்பு குதிகாலுக்குப் பின்னால் வெட்டி, அதில் இந்தக் கயிறு அறுந்து வருபவர்கள் நம் நாட்டில் கொஞ்சம் பேர் அல்ல. அழுக்கோடு வரும் அந்தக் காயங்களில் சீழ் பிடிக்கும் பயம் பல மடங்கு அதிகம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கசிகிறதே என்று மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். கடைக்காரர் கை முதலில் போவது சிப்ரோஃப்ளாக்சசின் டப்பாவுக்காக இருக்கலாம். சிப்ரோ, லீவோ, ஆஃப்லாக்சசின் என்று ‘ஃப்ளாக்சசின்’ என முடியும் மருந்துக் குடும்பம் தசைநாணைப் பலவீனமாக்கும், அறுத்தும்விடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே மருந்தோடு வரும் குறிப்பில் கட்டம் போட்டு இந்த எச்சரிக்கையை அச்சடிக்கச் சொன்னது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் கூடவே ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். நம் வீடுகளில் வயிற்றுப்போக்கு என்றாலே ஆஃப்லாக்சசின் கலந்த மாத்திரை ஒன்று அலமாரியிலிருந்து இறங்கும். இனி எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும் ‘எனக்குக் குதிகால் தசைநாண் தைத்திருக்கிறது’ என்று சொல்லுங்கள். வேறு மருந்து இருக்கும்போது அவர் அதைத்தான் எழுதுவார்.

சுண்டுவிரல் பக்க மரப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொடுவுணர்ச்சி நரம்பு ஒன்று கெண்டைக்காலின் நடுவிலிருந்து வந்து, குதிகாலுக்கு ஏறக்குறைய அரைச் சாண் தள்ளி மேலே, தசைநாணைக் குறுக்கே கடந்து வெளிப்பக்கம் போகிறது. தைக்கும்போது இழுபடலாம், நூலில் மாட்டலாம், வீக்கத்தில் நசுங்கலாம். அது சதையை இயக்கும் நரம்பு இல்லை, அதனால் நடைக்குப் பாதிப்பு வராது. பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும், சிலருக்கு ஒரு பட்டை நிரந்தரமாக மரத்தே நிற்கும். எறும்பு ஊர்கிற மாதிரி, கரண்ட் அடிக்கிற மாதிரி வந்தால் அது திரும்பி வருவதன் அடையாளம். தழும்பின் ஒரு புள்ளியில் பேண்ட்டின் விளிம்பு பட்டால்கூடத் துடிக்கிற வலி இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள், அங்கே நரம்பு முடிச்சுப் போட்டிருக்கலாம். அப்புறம், மரத்த இடத்தில் ஷூ கடித்தாலும் தெரியாது. தினம் ஒரு தடவை கண்ணால் பாருங்கள்.

சரி, மறுபடி அறுந்துவிடுமா? நார்வேயில் 526 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். ஒரு கூட்டத்துக்கு ஆபரேஷனே இல்லை, ஒன்றுக்குத் திறந்து தைத்தார்கள், ஒன்றுக்குச் சின்னத் துளைவழியாகத் தைத்தார்கள். தைத்த இரண்டு கூட்டத்திலும் மறுபடி அறுந்தது நூற்றுக்கு 0.6 பேருக்குத்தான், தைக்காதவர்களில் 6.2 பேருக்கு. நரம்பு பாதிப்பு நேர்மாறு: துளைவழியாகத் தைத்தவர்களில் நூற்றுக்கு 5.2, திறந்து தைத்தவர்களில் 2.8, தைக்காதவர்களில் 0.6. ஒரு வருடம் கழித்து மூன்று கூட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்தார்கள். ஆபரேஷன் தேவையா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, உங்களுக்கு அது முடிந்த விஷயம். உங்கள் தையல் தானாக விட்டுப்போவதற்கான வாய்ப்பு நீங்கள் நினைப்பதைவிட எவ்வளவோ குறைவு என்பதற்காகச் சொன்னேன்.

ஆனால் அந்தக் குறைவான வாய்ப்பும் எங்கே உட்கார்ந்திருக்கிறது தெரியுமா? முதல் மூன்று மாதத்தில், அதிலும் பூட்டைக் கழற்றிய முதல் சில வாரங்களில். என்னிடம் வந்த ஒரு அம்மா, பள்ளி ஆசிரியை, ஒன்பதாவது வாரம். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. காலையில் துணி துவைத்த சோப்புத் தண்ணீர் குளியலறைத் தரையில். வழுக்கியதும் விழாமல் இருக்க அந்தக் காலையே ஊன்றி உந்தியிருக்கிறார். அதே ‘டப்’. போனில் அவர் முதலில் சொன்னது ‘வலிக்கவே இல்லை சார், ஆனா அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்’ என்பதுதான். தைத்தவர் மேல் பிழை இல்லை, என் பயிற்சியில் பிழை இல்லை. ஒரு ரப்பர் விரிப்பு இருந்திருந்தால் நடந்திருக்காது. உங்கள் வீட்டில் பூட்டைக் கழற்றும் நாளுக்கு முன்பே குளியலறையில் விரிப்பும், உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வந்துவிட வேண்டும். அப்படி ஏதாவது நடந்து சந்தேகம் வந்தால், கட்டிலின் ஓரத்தில் பாதம் வெளியே தொங்கும்படி குப்புறப் படுங்கள். வீட்டில் யாராவது கெண்டைக்கால் சதையை மெதுவாகப் பிசையட்டும். பாதம் லேசாக அசைந்து விரல்கள் முழங்காலை விட்டு விலகும் திசையில் நீண்டால் கயிறு தொடர்ச்சியாக இருக்கிறது என்று பொருள். அசையவில்லை என்றால் காலை ஊன்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நீங்கள் கேட்காத சிக்கலுக்கு இப்போது வருகிறேன். என் அனுபவத்தில் அறுந்து திரும்பி வருபவர்களைவிட இதில் மாட்டுபவர்கள் அதிகம். தைத்த கயிறு அறுவதில்லை, நீண்டுவிடுகிறது.

துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு புதுசு, வலு, அறுகிற பேச்சே இல்லை. ஆனால் கட்டும்போது ஒரு சாண் தொய்வாகக் கட்டிவிட்டால் ஈரத்துணி தரையைத் தொடும். கெண்டைக்கால் சதை எவ்வளவு சுருங்க முடியுமோ அவ்வளவு சுருங்கினாலும், அந்தச் சுருக்கம் முழுவதும் தொய்வை இழுத்து நிமிர்த்துவதிலேயே செலவாகிவிடும், குதிகாலைத் தூக்க மிச்சம் இருக்காது. ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் நீண்டாலே நடையில் தெரியும். அந்தக் காலில் உந்தல் இருக்காது, கட்டைக்கால் வைத்தது போல விந்தி விந்தி நடப்பார்கள். மாடிப்படி இறங்கும்போது ‘தொப்’பென்று பாதம் விழும். எத்தனை மாதம் பயிற்சி செய்தாலும் சதை வளரும், உயரம் வராது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் தப்பு. வேலைக்கு வந்த புதிதில் ஒரு பேருந்து நடத்துனர், 38 வயது, எட்டாவது வாரத்தில் வந்தார். கணுக்கால் இறுகிக் கிடந்தது. இறுக்கம் என்றாலே எதிரி என்று நினைத்த காலம் அது. துண்டைப் பாதத்தில் மாட்டி முழங்கால் பக்கமாக இழுக்கச் சொன்னேன், சுவரில் கை ஊன்றிக் குதிகாலைத் தரையில் அழுத்தி நீட்டச் சொன்னேன். இரண்டே வாரத்தில் கணுக்கால் நன்றாக மடங்கியது. அவருக்குச் சந்தோஷம், எனக்கு அதைவிட. ஐந்தாவது மாதம் என் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்கவைத்து எக்கச் சொன்னேன். இரண்டு காலிலும் எக்கினார், சரியாக இருப்பதுபோலத்தான் தெரிந்தது. சந்தேகம் வந்து பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். எடை முழுக்க நல்ல காலில். ஆபரேஷன் செய்த குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போகும் அளவுதான் இடைவெளி. பெருவிரல் மட்டும் தரையைப் பிராண்டுகிற மாதிரி மடங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. கெண்டைக்கால் செய்ய வேண்டிய வேலையைப் பெருவிரலை மடக்கும் தசை செய்யப் பார்க்கிறது. அவர் இன்றும் வேலையில் இருக்கிறார், ஓடும் பஸ்ஸில் மட்டும் ஏறுவதில்லை.

ஆகையால் ஏழாவது வாரத்தில் உங்கள் கணுக்கால் இறுக்கமாக இருக்கிறது என்றால் எனக்கு அது நல்ல செய்தி. நடக்க நடக்க அந்த இறுக்கம் தானாகத் தளரும். பன்னிரண்டு வாரம் வரைக்கும் துண்டு இழுப்பு இல்லை, சுவர் தள்ளல் இல்லை, படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைத் தொங்கவிடுவது இல்லவே இல்லை. மைத்துனரின் ‘சொடக்கு’ம் இந்தக் கணக்கில்தான் வருகிறது. பாதத்தைக் கெண்டைக்காலுக்குச் செங்குத்தாகக் கொண்டுவரலாம், அதற்கு மேல் யாரும் இழுக்க வேண்டாம்.

நீண்டிருக்கிறதா என்று வீட்டிலேயே ஒரு கண்ணோட்டம் விடலாம். குப்புறப் படுத்து இரண்டு முழங்காலையும் செங்குத்தாக மடக்கி, பாதங்களைத் தளர்வாக விடுங்கள். பக்கவாட்டிலிருந்து யாராவது ஒரு போட்டோ எடுக்கட்டும். நல்ல காலில் விரல்கள் கொஞ்சம் கூரையைப் பார்த்து நிற்கும். தைத்த காலும் அதே அளவோ இன்னும் கொஞ்சம் கூடுதலாகவோ கூரையைப் பார்க்க வேண்டும். அது மட்டும் தட்டு மாதிரி படுத்துக் கிடந்தால் அந்தப் போட்டோவோடு டாக்டரைப் பாருங்கள். சீக்கிரம் தெரிந்தால் பூட்டுக்குள் குதிகாலை உயர்த்தும் பேடைத் திரும்ப வைத்து இன்னும் சில வாரம் காக்கலாம்.

வீட்டில் இந்தக் கயிற்றை நீட்டுவது பயிற்சியைவிட நம் பழக்கங்கள்தான். முதல் ஆள் இந்தியன் டாய்லெட். குதிகாலைத் தரையில் வைத்துக் குந்தும்போது கணுக்கால் முழு மடக்கு மடங்கும், உடம்பின் எடையும் அதன்மேல். நாலு மாதமாவது வெஸ்டர்ன், இல்லையென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் கமோடு நாற்காலி. தரையில் சம்மணம் போடுவது பிரச்சினை இல்லை, அதிலிருந்து எழுந்திருப்பதுதான் பிரச்சினை; முன்பாதத்தை ஊன்றி எம்பித்தான் எழுவோம். அடுத்து வெறுங்கால். பூட்டைக் கழற்றிய அன்றே வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கத் தொடங்கிவிடுகிறோம், இவ்வளவு நாள் பேட் வைத்து உயர்த்தியிருந்த குதிகால் ஒரே நாளில் தரைக்கு வந்துவிடுகிறது. ஹவாய்ச் செருப்பும் உதவாது, அது தட்டை, போதாததற்கு விரலால் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பின்வார் உள்ள, குதிகால் கொஞ்சம் உயர்ந்த ஒரு செருப்பை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், நாலைந்து வாரத்துக்கு. பூஜை அறையில் ஒரு நிமிடம் கழற்றினால் ஒன்றும் ஆகாது. வெறுங்காலோடு கோவில் பிராகாரம் சுற்றுவதைத் தள்ளிப்போடுங்கள். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தைத்த கால் முதலில், எப்போதும் முழுப் பாதமும் படியில் இருக்கட்டும். நம் வீடுகளின் குறுகிய படியில் இதற்குக் கொஞ்சம் பக்கவாட்டாகத் திரும்பித்தான் இறங்க வேண்டியிருக்கும்.

கெண்டைக்கால் இளைப்பு சிக்கல் அல்ல, விலை. எல்லோருக்கும் இளைக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சுற்றளவு குறைந்தே இருக்கும், ஆனாலும் நன்றாக ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். நேர்மாறாகக் கயிறு மற்றக் காலைவிட இரண்டு பங்கு தடிமனாகத் தெரியும், அதுவும் வழக்கமே. கட்டி என்று பயந்து ஸ்கேனுக்கு ஓட வேண்டாம்.

பயிற்சிக்கு ஒரு சொல்தான்: எக்குவது. பரணிலிருக்கும் டப்பாவை எடுக்கக் குதிகாலைத் தூக்கி நிற்போமே, அந்த எக்கல். ஆபரேஷன் நாளிலிருந்து எண்ணினால், எட்டாவது வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு குதிகாலையும் தூக்குவது, பிறகு முழங்கால் மேல் ஒரு தண்ணீர்ப் பாட்டில், அப்புறம் அரிசிப் பை. பத்து, பன்னிரண்டாவது வாரத்தில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று இரண்டு காலாலும். எடையை நல்ல காலில் போட்டு நடத்துனர் எனக்குச் செய்ததை நீங்கள் உங்களுக்கே செய்துகொள்ளாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். எடை பார்க்கும் மெஷினைத் தைத்த காலுக்கு அடியிலும், அதே உயரத்துக்குப் பழைய புத்தகங்களை நல்ல காலுக்கு அடியிலும் வைத்து, மெல்ல எக்கிப் பாருங்கள். உங்கள் எடை 70 என்றால் மெஷின் 35 காட்ட வேண்டும். முதல் நாள் 15-ஐத் தாண்டாது, பரவாயில்லை. அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒற்றைக் காலில் எக்குவது பலருக்கு ஆறு மாதம் பிடிக்கும். அதற்கு முன் வரவில்லை என்று அழ வேண்டாம், ஆறு மாதத்துக்கு மேல் ஒரு விரல் அளவுகூட எழும்பவில்லை என்றால் நீட்சியைச் சந்தேகிக்க வேண்டும்.

ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்துக் குதிகாலில் ஊசி போட்டால் சீக்கிரம் ஆறும் என்று யாராவது விலை சொல்லக்கூடும். பிரிட்டனில் அறுந்த அக்கிலிஸ் உள்ள 230 பேரிடம் அதைச் சோதித்து 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். துளிப் பயனும் இல்லை. அந்தப் பணத்தில் ஆறு மாதம் பிசியோவுக்கு வரலாம். என் பிழைப்புக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி.

பைக்குக்கு வருவோம். இடது கால் என்பதால் பின்பிரேக் பிரச்சினை இல்லை, ஆனால் கியர் அந்தப் பக்கம். கியரைவிடவும் எனக்குப் பயம் சிக்னலில் வண்டி சாயும்போது நீங்கள் யோசிக்காமல் ஊன்றப்போகும் இடது கால்தான். கியர் இல்லாத ஸ்கூட்டர், கூட்டமில்லாத சாலை, பன்னிரண்டாவது வாரம். பைக் நாலாவது மாதம். இதுதான் நான் சொல்லும் கணக்கு. சைடு ஸ்டாண்டைத் தட்டிவிடுவது, கிக்கர் உதைப்பது, சென்டர் ஸ்டாண்டு போடுவது எல்லாம் அதற்கும் அப்புறம்.

ஷட்டில் கடைசி. நேராக ஓடுவதைவிட ஷட்டில் இந்தக் கயிற்றுக்கு மோசமான ஆட்டம். பின்னால் போய்ச் சட்டென்று முன்னால் உந்துகிற அந்த ஒரு அசைவில்தான் பலருக்கு அறுகிறது, உங்களுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். கால்பந்து வீரர் பெக்காம் 2010 மார்ச்சில் அறுந்து செப்டம்பரில் மைதானத்துக்கு வந்துவிட்டார், ஆறே மாதம். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கெவின் டியூரன்ட் 2019 ஜூனில் அறுந்து, ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்து, 2020 டிசம்பரில்தான் மறுபடி ஆடினார், பழைய ஆட்டத்தோடு. நம் முகமது ஷமி இதே கயிற்றுக்காக 2024 பிப்ரவரியில் ஆபரேஷன் செய்துகொண்டு, நடுவே முழங்கால் வீங்கித் தள்ளிப்போய், நவம்பரில் ரஞ்சி ஆட்டத்தில்தான் பந்து போட்டார். மூவருக்கும் நாள் முழுக்கக் கூடவே பிசியோ இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான் மாதம் சொல்லப்போவதில்லை, சோதனை சொல்கிறேன். ஒற்றைக் காலில் இருபது முறை எக்க வேண்டும், இருபதாவது எக்கலின் உயரமும் நல்ல காலின் உயரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அந்தக் காலில் நொண்டியடித்து ஒரு அறையைக் கடக்க வேண்டும். பொதுவாக இது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் வருகிறது. திரும்பி ஆடும்போது வலது காலையும் சூடுபடுத்துங்கள். ஒரு பக்கம் அறுந்தவர்களுக்கு மற்றப் பக்கமும் அறுவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்.

அடுத்த வாரம் பூட்டைக் கழற்றப் போகும்போது டாக்டரிடம் ஆபரேஷன் நோட்டின் நகல் ஒன்று கேட்டு வாங்குங்கள். வெறும் தையலா, இடைவெளி பெரிதாக இருந்ததால் மேலே சதையை நீட்டிவிட்டு இறக்கினாரா, பெருவிரலின் தசைநாணை எடுத்து இணைத்தாரா என்று அதில் இருக்கும். இவற்றில் பின்னிரண்டில் ஒன்று என்றால் நான் மேலே சொன்ன வாரக் கணக்கு எல்லாமே பின்னால் தள்ளும். கூடவே அந்த மிளகுப் புண்ணையும் காட்டி, அது மூடுவதற்கு முன்னால் பூட்டைக் கழற்றி ஷூ போடலாமா, ஷூவின் பின்பட்டை அந்த இடத்திலேயே உரசுமே என்று கேளுங்கள். பின்பக்கம் மென்மையாக மடிகிற ஷூவோ, அந்த இடத்துக்குக் கீழே வார் வருகிற செருப்போ கையோடு எடுத்துப் போய்க் காட்டினால் அங்கேயே முடிவு தெரிந்துவிடும்.